பெண்கள் கரப்பந்தாட்டம்: கழகமாற்றம், விதிமாற்றம், தேசிய அணி

வெஸ்ட் ஈலிங்கில் இருக்கும் எங்களுக்கு உலகத்தரமான பெண்கள் கரப்பந்தாட்டம் ஒரேயொரு தடவைதான் வாசலுக்கு வந்தது. 2012 கோடையில், லண்டன் ஒலிம்பிக்கின் உள்ளரங்கக் கரப்பந்தாட்டப் போட்டிகள் முழுவதும் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சி மண்டபத்தில் நடந்தன. ஈலிங் புரோட்வேயில் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் ரயில் மாறாமலே போய் இறங்கலாம். அந்த மண்டபம் 2014-இல் மூடப்பட்டுப் பிறகு இடிக்கப்பட்டும் விட்டது. அங்கே ஆடிய பிரித்தானியப் பெண்கள் அணியும் இன்று இல்லை.

ஊரில் கரப்பந்து ஆடி வளர்ந்த தகப்பன்மார் எங்களில் நிறையப் பேர். இங்கே பிறந்த பெண்பிள்ளைகளுக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் பதினாறு, பதினேழு வயது வந்ததும் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். படிப்பு என்றுதான் எல்லோரும் காரணம் சொல்கிறோம். உலகம் முழுவதும் பெண்கள் அணிகள் எப்படி எழுகின்றன, எப்படி விழுகின்றன என்று பார்த்தால் வேறொரு காரணமும் தெரிகிறது. அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடந்தது

போட்டியை நடத்தும் நாடு என்பதால் பிரித்தானியாவுக்கு 2012-இல் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் இடம் கிடைத்தது. பிரித்தானியா ஒலிம்பிக்கில் உள்ளரங்கக் கரப்பந்து ஆடியது அதுவே முதல் முறை. ஷெஃபீல்டில் முகாமிட்டுப் பல ஆண்டுகளாகத் தயாரான பெண்கள் அணிக்கு 2010-இல் இடி விழுந்தது. அரச நிதி குறைக்கப்பட்டபோது, மிச்சமிருந்த பணம் ஆண்கள் அணிக்கும் கடற்கரைக் கரப்பந்துக்கும் போக, பெண்கள் திட்டத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பயிற்றுநர் ஓட்ரி கூப்பரும் வீராங்கனைகளும் கலைந்து போகவில்லை. ஷெஃபீல்டிலிருந்து லண்டன் வரை சைக்கிள் ஓடிப் பணம் சேர்த்தார்கள். பலர் ஐரோப்பியக் கழகங்களில் ஆடி, அந்த வருமானத்தில் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

குழுவில் ரஷ்யா, இத்தாலி, ஜப்பான், டொமினிக்கன் குடியரசு, அல்ஜீரியா. லின் பீற்றி தலைமையிலான அணி ஜூலை 30 அன்று அல்ஜீரியாவை 3-2 என்று வென்றது. மற்ற நான்கும் தோல்வி. உலகத் தரவரிசையில் எங்கோ கீழே இருந்த ஓர் அணிக்கு அந்த ஒரு வெற்றியே பெரிய காரியம். ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் வந்த அடுத்த நான்காண்டு நிதிப் பட்டியலில் உள்ளரங்கக் கரப்பந்துக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. பதக்க வாய்ப்பு இல்லாத விளையாட்டுக்குப் பணம் இல்லை என்பதே கணக்கு. அதன் பிறகு இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் தனித்தனிப் பெயரில்தான் சர்வதேசப் போட்டிகளுக்குப் போகின்றன. அந்த அணியில் ஆடிய சவானா லீஃப் பின்னாளில் திரைப்பட இயக்குநராகி 2024-இல் பாஃப்டா விருது வாங்கினார். திறமை வீண்போகவில்லை, வேறு பக்கம் திரும்பிவிட்டது என்று சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம்.

தங்கத்தைப் பிரேசில் வென்றது. இறுதியில் அமெரிக்கா தோற்றது. அதே பிரேசில் காலிறுதியில் ரஷ்யாவின் ஆறு வெற்றிப்புள்ளிகளைத் தடுத்துத்தான் உயிர் பிழைத்தது. ஆனால் போட்டியின் சிறந்த வீராங்கனை விருது தங்க அணிக்குப் போகவில்லை, வெள்ளி அணிக்கும் போகவில்லை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் தோற்று நான்காம் இடத்தில் நின்ற தென்கொரியாவின் கிம் யோன்கூங்குக்குக் கிடைத்தது. 207 புள்ளிகள் எடுத்திருந்தார். நான்காம் இடத்து அணியின் வீராங்கனைக்கு அந்த விருது என்பது எப்போதாவது நடக்கிற விஷயம்.

கழகமாற்றம்: யாருடைய வீராங்கனை?

அதே கிம், அந்த ஒலிம்பிக் முடிந்த கையோடு பெரிய வழக்கொன்றில் சிக்கினார். கழகமாற்றம் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கொரியாவில் ஹுங்குக் லைஃப் கழகத்தில் தொடங்கியவர் 2009-இல் ஜப்பானின் ஜேரி மார்வலஸ் அணிக்குப் போனார். 2011-இல் துருக்கியின் ஃபெனர்பாச்சேக்கு மாறி, 2012-இல் அந்த அணி ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் வெல்லக் காரணமானார். கொரிய லீக்கின் விதிப்படி ஆறு பருவங்கள் ஆடினால்தான் ஒருவர் சுதந்திர வீராங்கனை. வெளிநாட்டில் ஆடிய பருவங்கள் கணக்கில் சேராது, அவர் இன்னும் எங்களுக்குச் சொந்தம், இரவல்தான் கொடுத்திருக்கிறோம் என்றது பழைய கழகம். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நான் யாருக்கும் சொந்தமில்லை என்றார் கிம். விவகாரம் சர்வதேசச் சம்மேளனம் வரை போய் நீண்ட நாள் இழுபட்டது. இறுதியில் அவர் 2017 வரை ஃபெனர்பாச்சேயிலேயே ஆடினார். முடிவில் அதே பழைய கழகத்துக்குத் திரும்பி, 2025-இல் அதற்குக் கொரியக் கிண்ணத்தை வென்று கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார்.

இந்த முறையின் அச்சாணி இரண்டு. ஒன்று, சர்வதேச மாற்றுச் சான்றிதழ். ஒரு நாட்டுச் சம்மேளனத்தில் பதிந்தவர் வேறு நாட்டுக் கழகத்தில் ஆட வேண்டுமென்றால் இது இல்லாமல் முடியாது. அது குறித்த காலத்துக்கு மட்டுமே செல்லும். வீராங்கனையை அனுப்பும் சம்மேளனத்தின் சம்மதமும், கட்டணமும் தேவை. உதைபந்துபோல ஆளை ஒரேயடியாக வாங்கிவிடும் வழக்கம் இங்கே இல்லை.

இரண்டாவது, மூலச் சம்மேளனம். ஒருவர் முதன்முதலில் எந்த நாட்டுச் சம்மேளனத்தில் பதிகிறாரோ அதுவே அவருடைய மூலச் சம்மேளனம். தேசிய அணி என்றால் அந்த நாட்டுக்குத்தான். இதை வாழ்நாளில் ஒரு தடவை மாற்றலாம். அதற்குக் குடியுரிமை, வதிவுக்காலம், சம்மேளனங்களின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். இங்கே பிறந்த எங்கள் பிள்ளை இங்கிலாந்துச் சம்மேளனத்தில் பதிந்துவிட்டு, பின்னாளில் இலங்கைக்கு ஆட ஆசைப்பட்டாலும் இதே நடைமுறைதான். பெற்றோர் ஒரு படிவத்தில் கையெழுத்து வைப்பதற்குமுன் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்த ஒரு தடவை மாற்றம் ஒரு நாட்டுக்கு என்ன செய்யும் என்பதற்குத் துருக்கி சாட்சி. கியூபாவின் மெலிசா வர்காஸ் ஃபெனர்பாச்சேக்கு ஆட வந்தார், 2021-இல் துருக்கிக் குடியுரிமை பெற்றார், காத்திருப்புக் காலம் முடிந்து 2023-இல் தேசிய அணிச் சட்டையைப் போட்டார். அந்த ஒரே கோடையில் துருக்கி நேஷன்ஸ் லீக்கையும் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றது. இரண்டிலும் சிறந்த வீராங்கனை வர்காஸ்தான். பயிற்றுநர் டனியேலே சன்ரறெல்லி இத்தாலியர். அதே காலத்தில் இத்தாலியின் கொனெலியானோ கழகத்தையும் அவரே நடத்தினார்.

இதைக் கேட்டதும் "காசு கொடுத்து ஆள் வாங்கிவிட்டார்கள்" என்று எங்கள் பக்கம் சிலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. வர்காஸ் ஒருவரைக் கொண்டுவந்து ஒரு தேசம் வெல்ல முடியாது. வக்கிஃபாங்க், எக்சாசிபாஷி, ஃபெனர்பாச்சே என்று இஸ்தான்புல்லில் மூன்று பெருங்கழகங்கள் பல ஆண்டுகளாக உலகின் சிறந்த பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தன. அவர்களோடு தினமும் பயிற்சி எடுத்து வளர்ந்தவர்கள்தான் மற்றத் துருக்கிப் பெண்கள். இத்தாலியிலும் இதே கதை. 2022-இல் பாவொலா எகோனு கொனெலியானோவிலிருந்து வக்கிஃபாங்குக்குப் போக, அங்கிருந்த சுவீடனின் இசபெல் ஹாக் கொனெலியானோவுக்கு வந்தார். இரண்டு உச்ச அணிகள் முதன்மை அறைவீராங்கனைகளைப் பண்டமாற்றுச் செய்ததுபோல் இருந்தது. கொனெலியானோ 2019 முதல் 2021 வரை தொடர்ச்சியாக 76 ஆட்டங்கள் வென்ற கழகம். எகோனு மறுவருடமே மிலானுக்குத் திரும்பினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் இத்தாலி அமெரிக்காவை 3-0 என்று வென்று தன் முதலாவது கரப்பந்துத் தங்கத்தை எடுத்தபோது சிறந்த வீராங்கனை அவரே. 2025 செப்டம்பரில் பாங்கொக்கில் நடந்த உலகக்கிண்ண இறுதியில் இத்தாலி எதிர்கொண்டது யாரை? துருக்கியை. 3-2 என்று வென்றது. உலகின் இரு பெரிய பெண்கள் லீக்குகள் உள்ள இரு நாடுகளும் உலக இறுதியில் சந்தித்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியவில்லை.

விதிகள் மாறியபோது

ஊரில் 80களில் ஆடியவர்கள் இன்றைய ஆட்டத்தைப் பார்த்தால் நடுவரோடு சண்டைக்குப் போவார்கள். அவர்கள் காலத்தில் சேர்விஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. 15 புள்ளி எடுத்தால் செற். சேர்விஸ் கைமாறிக் கைமாறி ஓர் ஆட்டம் இருட்டும் வரை போகும். 1998-இல் முடிவெடுத்து அடுத்தடுத்த ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த புதிய முறையில் ஒவ்வொரு பந்துக்கும் யாருக்காவது புள்ளி. நான்கு செற் 25, ஐந்தாவது 15. தொலைக்காட்சி நேரத்துக்குள் ஆட்டத்தை அடக்குவதற்கே இந்த மாற்றம் என்பது பகிரங்க இரகசியம்.

காலில் பட்டால் பிழை என்பது 90களின் நடுவில் போயிற்று. இப்போது உடம்பின் எந்தப் பாகத்தாலும் எடுக்கலாம். சேர்விஸ் பந்து வலையில் உரசிக்கொண்டு எதிர்ப்பக்கம் விழுந்தாலும் 2001 முதல் ஆட்டம் தொடரும். வலையைத் தொடும் பிழையில் சம்மேளனம் மனம் மாறிக்கொண்டே இருந்தது: 2009-இல் தளர்த்தினார்கள், 2015-இல் திரும்ப இறுக்கினார்கள். 2025 முதல் சேர்விஸ் போடும் அணியினர் அந்தக் கணத்தில் தங்கள் பக்கத்தில் எங்கும் நிற்கலாம். சுழற்சி ஒழுங்கு தப்பி நின்ற பிழை இனி பந்தை எடுக்கும் அணிக்கு மட்டும்தான்.

எல்லாவற்றிலும் பெண்களின் ஆட்டத்தை மாற்றியது லிபரோ. 1998-இல் வந்த இந்த நிலைக்காரி வேறு நிறச் சட்டையோடு பின்வரிசையில் மட்டும் ஆடுவார். வலைக்கு மேலிருந்து அறையக் கூடாது, தடுக்கக் கூடாது, சேர்விஸையும் தாக்குதலையும் எடுத்துக் கொடுப்பதே வேலை. உயரம் ஒரு தகுதியே இல்லாத ஓர் இடம் இந்த விளையாட்டில் முதன்முதலாக உருவானது அப்போதுதான். பெண்களுக்கான வலை 2.24 மீற்றர், ஆண்களுக்கு 2.43. பெண்கள் ஆட்டத்தில் அறையின் வேகம் சற்றுக் குறைவு என்பதால் பந்து நிலத்தில் விழாமல் நீண்ட நேரம் போகும். அந்த நீளத்தைத் தாங்குவது லிபரோ. லிபரோ அணித்தலைவியாகவும் இருக்கலாம் என்று அண்மையில் விதி வந்திருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் ஐந்தடி மூன்று அங்குலம்தானே, இது எங்களுக்குச் சரிவராது என்று சொல்லும் பெற்றோர் தாய்லாந்தைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியருக்கு முன்னால் குள்ளமாகத் தெரியும் அந்த அணி 2009, 2013, 2023 என்று மூன்று தடவை ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2009-இலும் 2023-இலும் இறுதியில் தோற்றது சீனா. வேகமான குறும்பாஸ், பந்தை விடாத பின்வரிசை, உலகம் வியந்த நுட்சாரா தொம்கொம் என்ற செற்றர். நுட்சாரா பயிற்சி மட்டும் எடுத்து அந்த நிலைக்கு வரவில்லை. அசர்பைஜான், துருக்கிக் கழகங்களில் ஆடினார். அவருடைய காலத்துத் தாய்லாந்து வீராங்கனைகள் பலரும் அப்படி வெளியே போய் வந்தவர்களே.

இலங்கையும் இந்தியாவும்

இலங்கைக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர் 1916-இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் உடற்கல்விப் பொறுப்பாளராக இருந்த வோல்ட்டர் கமக். 1991-இல் இது நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. வடக்கில் ஆவரங்கால், புத்தூர், நீர்வேலிப் பக்கம் போனால் மாலையில் வலை கட்டாத ஊர் குறைவு. ஆனால் மைதானத்தில் நிற்பவர்கள் ஆண்கள். பெண்பிள்ளைகள் பாடசாலை அணியில் மாவட்டம், மாகாணம் என்று போவார்கள். உயர்தரப் பரீட்சையோடு அது நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது? இலங்கையில் பெண்களுக்கான உச்சநிலைக் கரப்பந்து பெருமளவு இராணுவம், விமானப்படை, கடற்படை அணிகளின் கையில் இருக்கிறது. அங்கே ஒரு வீராங்கனைக்குக் கழகமாற்றம் என்றால் முப்படைகளில் ஒன்றில் வேலைக்குச் சேர்வது. தெற்கில் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அது நிரந்தரச் சம்பளம், தங்குமிடம், பயிற்சி எல்லாம் தரும் நல்ல வழி. வடக்கில் ஒரு தாய் தன் மகளை அந்தச் சீருடையில் பார்க்கச் சம்மதிப்பாளா என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. கதவு சட்டப்படி திறந்துதான் இருக்கிறது. அதன் வழியே போவதற்குத்தான் ஆளில்லை.

இதற்கு மறுபக்கத்தைக் காட்டியவர் தர்ஜினி சிவலிங்கம். அவர் ஆடியது கரப்பந்து அல்ல, வலைப்பந்து. புன்னாலைக்கட்டுவனில் பிறந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து, கொழும்பில் வங்கி அணியில் ஆடி இலங்கை அணிக்குள் வந்தார். 2009-இலும் 2018-இலும் ஆசியக் கிண்ணம். 2018-இல் அவுஸ்திரேலியாவின் கொலிங்வுட் கழகம் அவரை அழைத்தது. 2019-இல் லிவர்பூலில் நடந்த உலகக்கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு, எல்லா நாடுகளிலும் அதிகம் எடுத்தவர் ஆனார். அவருடைய உயரம், ஆறடி பத்து அங்குலம், எல்லோருக்கும் தெரியும். வலைப்பந்தில் வங்கிகளும் தனியார் நிறுவனங்களும் அணி வைத்திருந்ததை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவர் ஆடுவதற்குச் சீருடை இல்லாத ஒரு கழகம் இருந்தது.

இந்தியாவில் படைகளின் இடத்தில் ரயில்வே இருக்கிறது. தேசியப் போட்டிகளில் பல காலமாகப் பெண்கள் கிண்ணத்துக்குக் கேரளமும் ரயில்வேயும்தான் மாறிமாறி மோதுகின்றன. நன்றாக ஆடும் பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை. அன்றிலிருந்து அவர் சொந்த மாநிலத்துக்கு எதிராக ஆடுவார். தமிழ்நாடு வளர்த்த பெண்கள் சிலரும் அப்படிப் போனவர்களே. வேலை பாதுகாப்பானது, ஆனால் ஆண்டு முழுவதும் ஆட லீக் இல்லை. 2011-இல் இந்தியன் வொலி லீக், 2019-இல் ப்ரோ வொலிபோல் லீக், 2022-இல் ப்ரைம் வொலிபோல் என்று மூன்று தொழில்முறை லீக்குகள் தொடங்கினார்கள். மூன்றும் ஆண்களுக்கு. 2019-இல் சென்னை அணி கிண்ணம் வென்றபோது சென்னையில் ஆரவாரம் நன்றாகத்தான் இருந்தது. பெண்கள் அணி 2016-இலும் 2019-இலும் தெற்காசிய விளையாட்டு விழாவில் தங்கம் எடுத்தது. ஆசிய விளையாட்டு விழாவில் இதுவரை ஒரு பதக்கமும் இல்லை. தெற்காசியாவுக்கு உள்ளே வெல்வதற்கு வேலை போதும். தாய்லாந்தை வெல்வதற்கு வேலை போதாது.

சொந்த நாட்டில் பருவம் முழுவதும் நடக்கும் தொழில்முறை லீக் இல்லாமலும் வெல்லலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு: அமெரிக்கப் பெண்கள் டோக்கியோ ஒலிம்பிக் தங்கத்தை அப்படித்தான் எடுத்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் புலமைப்பரிசில் கொடுக்கும் பல்கலைக்கழக அணிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2023 ஓகஸ்ட்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க ஒரே மைதானத்தில் 92,003 பேர் கூடினார்கள். பட்டம் முடித்தவர்கள் இத்தாலிக்கும் துருக்கிக்கும் போவார்கள். பருவம் முழுவதும் ஆட இடம் இருந்தது. அது வீட்டிலா வெளியிலா என்பதுதான் வித்தியாசம். இப்போது அங்கும் உள்ளூர் லீக்குகள் தொடங்கிவிட்டன.

திரும்ப வெஸ்ட் ஈலிங்

இந்த நாட்டில் பாடசாலைப் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து சொல்லிக் கொடுப்பார்கள், கரப்பந்து அபூர்வம். கழகத்துக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். மைதானம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், சுற்றிலும் குறைந்தது மூன்று மீற்றர் வெளி, மேலே ஏழு மீற்றர் உயரம் வேண்டும். நான்கு பூப்பந்துத் தளம் கொண்ட பாடசாலை மண்டபங்களில் இது அடங்கும். ஆனால் அந்த மண்டபங்களுக்கு வார நாட்களில் எவ்வளவு போட்டி என்பது வாடகைக்குக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லண்டனில் போலந்துக்காரர் 1970களில் தங்கள் சமூகத்துக்காகத் தொடங்கிய பொலோனியா கழகம் பின்னாளில் ஆண்கள் பிரிவில் பல தடவை இங்கிலாந்துச் சம்பியன் ஆனது. அவர்களும் எங்களைப்போல் அகதிகளாயும் வேலை தேடியும் வந்தவர்கள்தான். எங்கள் சமூகத்தின் கோடைகாலச் சுற்றுப்போட்டிகள் ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடிகின்றன. கிண்ணம் கொடுத்துப் படம் எடுத்த பிறகு அடுத்த கோடை வரை பந்துக்கு ஓய்வு. அதில் பெண்கள் பிரிவு வைப்பது சில ஆண்டுகளில் உண்டு, சில ஆண்டுகளில் "அணி சேரவில்லை" என்று விட்டுவிடுவதும் உண்டு.

நாங்கள் ஞாயிறு பின்னேரம் சிலர் சேர்ந்து ஒரு மண்டபம் எடுத்து ஆடுகிறோம். இரண்டு மணி நேரம். கம்பத்தில் வலையை எப்போதும் 2.43-இல்தான் கட்டுவோம், வருகிற நான்கைந்து பெண்பிள்ளைகள் அதிலேயே எட்டிப் பிடிக்கட்டும் என்று விட்டிருந்தோம். ஒருத்தி ஒரு நாள் அளவுநாடாவோடு வந்து, 19 சென்ரிமீற்றர் கூட இருக்கிறது மாமா என்று காட்டினாள். போன மாதத்திலிருந்து முதல் ஒரு மணி நேரம் வலை 2.24-இல். இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். ஓர் அணிக்கு ஆறு பேர் வேண்டும், எதிரணிக்கு இன்னும் மூவர் குறைகிறது.